ஆகஸ்ட் மாப்பிள்ளை

அபீலியோவுக்குக் கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம். மனைவியோடு ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்று வருடம்கூடத் தேறாது. ஆகஸ்ட் முதல் தேதி பிரான்சின் லியோனிலிருந்து வந்து இறங்குவார், முப்பத்தொன்றாம் தேதி காலையில் பஸ் ஏறிவிடுவார். அவர் ஊரான மெல்காசுப் பக்கத்தில் பாதி ஆண்கள் அப்படித்தான். பதினோரு மாதம் பிரான்சில் சுவர் பூசுவார்கள், ஒரு மாதம் ஊரில் புருஷனாக இருப்பார்கள். ஊர்க் குழந்தைகளில் முக்கால்வாசி மே மாதத்தில் பிறந்ததை வைத்துப் பாதிரியாரே கேலி பேசுவார்.

சுல்மிராவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பது சுலபம். முதலில் அவர் இருந்தது ஆறு பேர் படுக்கும் தகரக் கொட்டகை. பிறகு அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்தாள். அப்புறம் மகள் ஒடெத்தின் படிப்பு. எல்லாம் ஒழிந்து நிமிர்ந்தபோது, அவளுடைய அப்பா விட்டுப்போன திராட்சைப் பந்தல் வீட்டு முற்றத்திலிருந்து ஆற்றுச் சரிவு வரைக்கும் நின்றது. அதை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது?

சாதாரணப் பந்தலா அது? அல்வரீன்யோ என்கிற வெள்ளைத் திராட்சை. சின்னக் குலை, கெட்டித் தோல், கொஞ்சமாகத்தான் காய்க்கும். மினியோ ஆற்றங்கரைக் கருங்கல் மண்ணை விட்டால் வேறு எங்கே நட்டாலும் மனசில்லாமல்தான் காய்க்கும் என்பது மெல்காசுக்காரர்களின் கட்சி. சுல்மிரா செப்டம்பரில் ஏணி வைத்து ஏறி அறுப்பாள். பெரும்பகுதியைக் கூட்டுறவு ஆலைக்கு அனுப்பிவிட்டு, மீதியைக் கீழறையில் தானே பிழிந்து வெள்ளை ஒயினாக்குவாள். நூறு பாட்டில் வரும். திறந்தால் பீச் பழமும் ஆரஞ்சுப் பூவும் மணக்கும். வாயில் வைத்தால் நாக்கின் இரண்டு ஓரமும் சிலிர்க்கிற புளிப்பு. அறுவடை செப்டம்பரில் என்பதால், தன் வீட்டுப் பந்தலிலிருந்து ஒரு குலையைக்கூட அபீலியோ அறுத்தது கிடையாது. அடுத்த ஆகஸ்டில் வந்து குடித்ததோடு சரி.

அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு மனிதர்களுக்குச் சிவப்பு ஒயின், வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில். மசியைப் போலக் கறுத்து, கிண்ணத்தின் ஓரமெல்லாம் கறை பிடிக்கும். வெள்ளை ஒயின் விருந்தாளிக்கு. டாக்டருக்கு, பாதிரியாருக்கு, சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு. அதற்குக் காலுள்ள கண்ணாடிக் கோப்பை. சுல்மிராவின் அலமாரியில் அப்படி ஆறு கோப்பைகள் இருந்தன. ஆகஸ்ட் மாதம் முழுவதும் அவற்றில் ஒன்று அபீலியோவுக்கு.

முதல் நாள், ஆலிவ் எண்ணெயில் மிதக்கும் காட் மீன் கருவாடும் உருளைக்கிழங்கும். அந்த எண்ணெய்ப் பிசுக்கை வெள்ளை ஒயின் ஒரே மடக்கில் கழுவிக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை, சுட்ட ஆக்டோபஸ். ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் வாட்டிய ஆட்டுக்குட்டி. எதைச் சமைத்தாலும் பக்கத்தில் அந்தக் கோப்பை வியர்த்துக்கொண்டு நிற்கும். சுல்மிரா உட்காரமாட்டாள். நின்றபடி பரிமாறுவாள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாயிரத்துப் பத்தாம் வருடம் அக்டோபரில் அபீலியோ ஓய்வு பெற்று ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். ஓய்வூதியக் காகிதம் கையெழுத்தாகி வருவதற்குள் அறுவடை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்த வருடமும் கொடுப்பினை இல்லை. போகட்டும், இனி எத்தனையோ செப்டம்பர் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வந்த அன்று காட் கருவாடு, கண்ணாடிக் கோப்பை, வெள்ளை ஒயின். மறுநாளும் அப்படியே. பத்தாம் நாளும் அப்படியே. நவம்பர் வந்தது. குளியலறையில் அவருக்கென்று மாட்டிய, பூவேலை போட்ட விருந்தாளித் துண்டு அப்படியே தொங்கியது. அவர் தட்டைக் கழுவ எழுந்தால், "நீங்க உக்காருங்க" என்பாள். விறகு பிளக்கப் போனால், "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை, நீங்க உக்காருங்க" என்பாள். உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது.

பக்கத்து வீட்டில் சுல்மிராவின் அண்ணன் ஜெர்மானோ இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மத்தியானச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். அவர் வந்தால் சமையலறை களைகட்டும்.

"அண்ணே, சேத்துக் காலோட உள்ள வராத! இப்பதான் துடைச்சேன். உனக்குக் கண்ணு முன்னால இருக்கா, முதுகுல இருக்கா?"

"சோத்தப் போடு, அப்புறம் திட்டு. பசியோட திட்டு வாங்க முடியல."

அவருக்குக் கோஸ் கீரை சூப், மக்காச்சோள ரொட்டி, கிண்ணத்தில் சிவப்பு. அபீலியோவுக்கு எதிரே கோப்பையில் வெள்ளை. ஜெர்மானோ கண்ணைச் சிமிட்டுவார். "என்ன மாப்பிள, ஆகஸ்ட் இன்னும் முடியலையா?"

சுல்மிராவின் வாய் ஊரறிந்த வாய். தபால்காரரும் அதில் தப்பமாட்டார், நாயும் தப்பாது. சாவி தொலைந்தால், தொலைந்ததைத் தேடித் தர வேண்டிய அந்தோணியார் சிலையை அலமாரி மேலேயே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். சாவி கிடைக்கிற வரைக்கும் அந்தப் புனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவள் கோபம் படாத ஒரே ஜீவன் அபீலியோ. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். அனுபவிக்கிறவருக்குத்தான் தெரியும் அந்த வேதனை. சொந்த வீட்டில், சொந்த மனைவியிடம், ஒரு வசவுக்கு வழியில்லாமல் ஏங்கினார் மனிதர். இந்த வீட்டு ஆளாக ஆகிவிட வேண்டும், அது ஒன்றுதான் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரியில் மகள் ஒடெத்துக்குப் பிராகா நகரத்தில் பிரசவம். சுல்மிரா ஐந்து நாள் போய் இருந்துவிட்டு வருவதாகக் கிளம்பினாள்.

"சூப் பெரிய பானையில இருக்கு. சூடு பண்ணிக்கோங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

அவளுடைய இடது தோள் ஒரு வருடமாகவே சரியில்லை. கையைத் தூக்கினால் முகம் சுருங்குவதை அபீலியோ பார்த்திருந்தார். பழைய கொடிகளை வெட்டிக் கவாத்து பண்ணும் பருவம் வந்தாயிற்று. இரண்டு ஆள் உயரப் பந்தலில், ஏணி மேல் நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கி, மூன்று வாரம் வெட்ட வேண்டும். அவள் திரும்பி வரும்போது பந்தல் முழுக்கக் கவாத்து முடிந்து நின்றால் எப்படி இருக்கும்! நினைக்கும்போதே அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அபீலியோவுக்குக் கவாத்து தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. லியோனுக்கு வடக்கே சிவப்புத் திராட்சைத் தோட்டங்களில் இருபது வருடம், குளிர்காலச் சனிக்கிழமைகளில் கூலிக்கு வெட்டியவர். முதலாளியே முதுகில் தட்டி, "கத்தரிய உன் கையில குடுத்தா கவலையே இல்ல" என்று சொன்னதுண்டு. அங்கே சட்டம் எளிது. கிளைக்கு இரண்டு கணு விடு, மிச்சத்தை வெட்டு. ஐந்து நாளும் விடிந்ததும் ஏறி, இருட்டும்போது இறங்கினார். அவளுக்கு மூன்று வாரம் பிடிக்கும் வேலையை அவர் ஐந்து நாளில் முடித்தார். நீளக் கொடிகளையெல்லாம் வெட்டிக் கட்டுக்கட்டாக அடுக்கினார். அண்ணாந்து பார்த்தால், மூன்று மீட்டருக்குக் கொடி ஓடிய இடத்தில் விரலளவு குச்சிகள் வரிசையாக நின்றன. அவர் கண்ணுக்கு அது அவ்வளவு அழகாக இருந்தது.

சுல்மிரா மத்தியானம் வந்து இறங்கினாள். முற்றத்தில் கால் வைத்தவள் அண்ணாந்து பார்த்தாள். கையில் இருந்த பை மெதுவாகத் தரைக்கு இறங்கியது. பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அவள் பார்வை போய்த் திரும்பியது.

"நீங்களா பண்ணீங்க?"

"பின்ன யாரு? உன் தோள் வலிக்கு இந்த வருஷம் லீவு."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டாள். "களைச்சிருப்பீங்க. உள்ள வாங்க. பேத்தி உங்க மூக்கோட பொறந்திருக்கா."

அன்றைக்கு ஆட்டுக்குட்டி வாட்டினாள். கண்ணாடிக் கோப்பையில் வெள்ளை ஒயின் ஊற்றிக் கொடுத்தாள். அபீலியோ இரண்டு கோப்பை குடித்துவிட்டு, பிரான்ஸ் கவாத்தின் பெருமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெர்மானோ வந்தார். ஒரு வாரமாகப் பேரனைப் பார்க்கப் போர்த்தோ நகரத்துக்குப் போயிருந்தவர். பந்தலடியில் அப்படியே நின்றுவிட்டார்.

"யாருப்பா இது? எந்தப் புண்ணியவான் இப்படி மொட்டையடிச்சது?"

"நான்தான். ஏன்?"

ஜெர்மானோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சாவு வீட்டில் பேசுகிற குரலில் பேசினார். "மாப்பிள, உன் பிரான்ஸ் கொடி வேற, இது வேற. அல்வரீன்யோவுக்கு அடிக் கணுவுல இலைதான் வரும், பழம் வராது. பழமெல்லாம் எட்டாம் கணு, பத்தாம் கணுவுலதான். அதுக்குத்தான் நாங்க நீளமா விட்டு வளைச்சுக் கட்டுறோம். நீ பழத்த எல்லாம் வெட்டி விறகுக்கு அடுக்கி வெச்சிருக்க."

அபீலியோ அடுக்கி வைத்த கட்டுகளைப் பார்த்தார். ஒரு கொடியை உருவி எடுத்துக் கணுக்களை எண்ணினார். "இந்த வருஷம்?"

"காக்காய்க்கு நாலு குலை கிடைச்சா அதிர்ஷ்டம். அடுத்த வருஷம் பழையபடி ஆயிடும், கொடி ஒண்ணும் செத்துப்போகாது. அது கிடக்கட்டும். அவ என்ன சொன்னா? உன்ன உரிச்சு உப்புல போட்டிருப்பாளே?"

"ஒண்ணும் சொல்லல. ஆட்டுக்குட்டி வாட்டிப் போட்டா."

ஜெர்மானோவின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா?" என்று கேட்டார். பிறகு அபீலியோவின் தோளில் கை வைத்தார். "போன வருஷம் நான் ஒரே ஒரு கொடிய ஏணியால ஒடிச்சேன். மூணு நாள் எனக்குச் சோறு இல்ல. மாப்பிள, நீ இன்னும் விருந்தாளிதான்."

ஜெர்மானோ இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் அபீலியோவுக்கு அது நெஞ்சில் தைத்தது. தான் பண்ணிய நாசத்தை விட, அதைப் பார்த்தும் அவள் கோப்பையில் ஒயின் ஊற்றிக் கொடுத்தாளே, அதுதான் அவரைத் தின்றது. டாக்டர் வந்து பீங்கான் தட்டை உடைத்தால்கூட அவள் இப்படித்தான் சிரித்துக்கொண்டே, "பரவால்ல டாக்டர்" என்பாள். அந்தப் பந்தலடியில் எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் தானும் அந்த டாக்டரைப் போலத்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

பிப்ரவரி முழுவதும் அவர் பந்தல் பக்கமே போகவில்லை. மார்ச் முதல் வாரத்தில், லியோனில் இருக்கும் பழைய கூட்டாளி பெர்னார்தினோவுக்கு போன் செய்தார். கூட்டாளியின் வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் இருந்தது. சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் ஜெர்மானோ ஒரு லாம்ப்ரேயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். விலாங்கைப் போல நீண்ட மீன். கடலிலிருந்து ஆறேறி வரும்போது கல்லணைகளில் வலை கட்டிப் பிடிப்பார்கள். ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும். மினியோக்காரர் எல்லாரும் உயிரை விடுகிற அந்த மீனை அபீலியோ கல்யாணத்துக்குப் பிறகு தன் வீட்டில் சாப்பிட்டதே இல்லை. ஆகஸ்டில் அதற்கு எங்கே போவது? சுல்மிரா அதன் இரத்தத்தோடும் சிவப்பு ஒயினோடும் சேர்த்து அரிசியை வேகவைத்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் பூண்டும் ஜாதிக்காயும் மணத்தது. அவர் மேஜை அருகே நின்றபடியே சொன்னார்.

"சனிக்கிழமை கிளம்புறேன், சுல்மிரா. லியோனுக்கு."

அவள் கரண்டி நின்றது. "எத்தன நாளைக்கு?"

"பார்க்கலாம். ஆகஸ்ட்ல வரேன்."

"சரி" என்றாள். அடுப்பைத் தணித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போய், பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கிக் கட்டில் மேல் வைத்தாள். பிறகு கீழறைக்குப் போய் இரண்டு பாட்டில் எடுத்து வந்தாள். வருடா வருடம் நடப்பதுதான். உடையாமலிருக்கத் துண்டில் சுற்றி, சட்டைகளுக்கு நடுவே வைப்பாள். முதல் பாட்டிலைத் துண்டின் ஓரத்தில் படுக்க வைத்து உருட்டத் தொடங்கினாள். பாதி சுற்று வந்ததும் கை நின்றுவிட்டது.

"ஏன் மனுஷா," என்றாள் திரும்பாமலே, "உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அபீலியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐம்பது வருஷப் பந்தல். எங்க அப்பா வெச்ச கொடி. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுறவருக்குக் கத்தரி எதுக்கு? பக்கத்துலதான எங்க அண்ணன் வீடு, அவன் போர்த்தோலேர்ந்து வர்ற வரைக்கும் பொறுத்து ஒரு வார்த்த கேட்டா கிரீடம் எறங்கிடுமா? இந்த வருஷம் ஆலைக்குப் போய் நான் என்ன குடுப்பேன்? விறகு குடுக்கவா? அஞ்சு நாள்! அஞ்சே நாள்ல எல்லாத்தையும் மொட்டையடிச்சிட்டு, அது போதாதுன்னு ஒரு மணி நேரம் பிரான்ஸ் புராணம் வேற! ஆட்டுக்குட்டிய உங்க தலையிலயே கவுத்திருக்கணும். அத்தனையும் பண்ணிட்டு இப்ப பெட்டி கட்டுறாராம் பெட்டி! எவ இருக்கா லியோன்ல, உங்களுக்குச் சூப் ஊத்த?"

அவள் முகமெல்லாம் சிவந்து, கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அபீலியோ கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான், சந்தேகமே வேண்டாம்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்வேன்? எம்பத்தி மூணாம் வருஷம் ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை.

"ஆகஸ்ட் முப்பது. திருவிழால கூட்டாளிங்களோட உக்காந்துட்டு விடியக்காலம் வந்தீங்க. கடைசி நாள். 'இதுக்கு நீங்க வராமலே இருந்திருக்கலாம்'னு சொன்னேன். மூஞ்சத் திருப்பிக்கிட்டு பஸ் ஏறிட்டீங்க. நவம்பர்ல சாரத்துலேர்ந்து விழுந்து கால ஒடிச்சுக்கிட்டீங்க. கடுதாசி எனக்கு வர்றதுக்கு மூணு வாரம். என் வாயாலதான் அப்படி ஆச்சுன்னு அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் வெந்தேன். ஒரு மாசத்துக்கு வர்ற மனுஷன்கிட்ட சண்ட போட்டா சமாதானம் ஆக நாள் எங்க இருக்கு? அதோட என் வாய உங்ககிட்ட மூடிட்டேன். இப்பவும் பயம்தான். திட்டினா போயிடுவீங்களோன்னு."

"அட பைத்தியமே, நீ திட்டலைன்னுதான் போறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையலறையில் அரிசி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. "ஐயோ" என்று அவள் ஓடினாள். போகிற வழியில், "எல்லாம் உங்களாலதான்" என்று ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் போனாள்.

அபீலியோ டிக்கெட்டை எடுத்து அடுப்பில் போட்டார். பாதி சுற்றிய துண்டிலிருந்து பாட்டிலைப் பிரித்து மேஜைக்குக் கொண்டு வந்தார். அவருடைய இடத்தில் இன்றைக்கு ஒரு பீங்கான் கிண்ணம் இருந்தது. ஓரம் லேசாகச் சிதைந்த பழைய கிண்ணம், வீட்டுக் கிண்ணம். அவள் அதில் சிவப்பு ஒயினைத் தளும்ப ஊற்றினாள். அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து கண்ணாடிக் கோப்பை ஒன்றை எடுத்துத் துடைத்து, எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்தார். வெள்ளை ஒயினைத் திறந்து ஊற்றினார்.

"இது யாருக்கு?"

"உனக்கு. உக்காரு."

"எனக்கு எதுக்கு இது? நான் என்ன விருந்தாளியா?"

"முப்பத்தஞ்சு வருஷம் நின்னுட்ட. உக்காரு, சுல்மிரா."

அவள் உட்கார்ந்தாள். தொட்டியிலிருந்து கரண்டியில் எடுத்துப் புளிப்புப் பார்த்ததைத் தவிர, தான் பிழிந்த ஒயினை அவள் உட்கார்ந்து குடித்ததே இல்லை. ஒரு வாய் லாம்ப்ரே சோறு சாப்பிட்டாள், ஒரு மடக்கு குடித்தாள். இன்னொரு மடக்கு குடித்தாள். "பரவால்லையே" என்றாள், யாரோ செய்ததைச் சொல்வதைப் போல.

கறுத்த சோறு லேசாக அடிப்பிடித்திருந்தது. அபீலியோ இரண்டாம் தட்டு போட்டுக்கொண்டார். அடுத்த ஜனவரியில் அவர் ஏணி மேல் நிற்பதென்றும், அவள் கீழே நின்று எந்தக் கணுவில் வெட்டுவது என்று சொல்வதென்றும் முடிவாயிற்று. அவள் சொல்லாமல் கத்தரியைத் தொட்டால் விரலை ஒடித்துவிடுவாளாம். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திடீரென்று நினைவு வந்து, அவர் முகம் வாடிப்போனது.

"இந்த செப்டம்பர்ல ஒண்ணும் இருக்காது. இருக்கிற பாட்டில் எல்லாம் நாம குடிச்சுட்டா, அடுத்த ஆகஸ்டுக்கு வெள்ளையே இருக்காதே. என்ன பண்ணுவ?"

சுல்மிரா கோப்பையைக் கீழே வைத்தாள். புரியாதவரைப் பார்ப்பதைப் போல அவரைப் பார்த்தாள்.

"ஏன், ஆகஸ்ட்ல யாரு வரப்போறா?"

அபீலியோ கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அது தளும்பி, வெள்ளை மேஜை விரிப்பில் கொஞ்சம் சிந்தியது. அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.